பாகு பிடித்த கை

மாத்தளை டவுனில், ஒரு கல்யாண மண்டபத்தின் பொம்பளைகள் பக்கத்தில், ஆறு பேருக்கு வைத்த சஹனை ஜெஸீமா தனியாக உட்கார்ந்து தின்றாள். பசி வந்து அல்ல. கோபம் வந்து.

சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோறு மலை மாதிரி இருக்கும். அதன் உச்சியில் பொரித்த கோழி குந்தியிருக்கும். சுற்றிவரக் கத்தரிக்காய், அச்சாறு, மாசிச் சம்பல். பாயில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆறு கையும் அந்த ஒரே தட்டுக்குள் போக வேண்டும். பெரிய கடை முதலாளியின் பெண்டாட்டி கையும், சந்தையில் மிளகு விற்கிறவனின் பெண்டாட்டி கையும் ஒரே சோற்றைப் பிசையும். இதன் மகிமையை மைக் பிடித்துப் பேச ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மைக் எட்டாத பாயில் நடப்பது வேறு.

அன்றைக்கு நடந்தது இதுதான். கை கழுவப் பேசின் வந்தது. ஜெஸீமா கையைக் கழுவினாள், பிஸ்மி சொன்னாள், சோற்றில் கை வைத்தாள். எதிரே இருந்த றமீஸா அந்தக் கையைப் பார்த்தாள். துணிக்கடை மர்சூக் ஹாஜியாரின் பெண்டாட்டி றமீஸா. கல்யாண வீட்டுக்கு வந்தால் நகைக் கடைக் கண்ணாடி அலுமாரி எழும்பி நடந்து வந்தது போல இருப்பாள். பக்கத்தில் இருந்தவளின் காதில் என்னவோ சொன்னாள். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழும்பினாள்.

"எனக்கு கேஸ்ட்ரிக் ஈக்கி. நான் அந்தப் பக்கம் பெய்த்து கொஞ்சமா சாப்பிடுறேன்."

அந்தப் பக்கம் போனவள் இன்னொரு சஹனில் உட்கார்ந்து கோழிக்காலை உரித்ததை ஜெஸீமா பார்த்தாள். கேஸ்ட்ரிக் தொற்று வியாதி என்பதும் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒருத்திக்கு உம்மாவைத் தேட வேண்டி வந்தது. இன்னொருத்தி, பிள்ளை அழுகிறது என்றாள். பிள்ளை பக்கத்துப் பாயில் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. மற்ற இரண்டு பேரும் பொய் தேடும் சிரமம்கூட எடுக்கவில்லை. கடைசியில் மிஞ்சியது ஒரு தட்டு, ஒரு சோற்று மலை, ஒரு ஜெஸீமா.

எழும்பிப் போயிருக்கலாம். எழும்பினால் அந்தக் கை தள்ளி வைக்கவேண்டிய கைதான் என்று அவளே ஒத்துக்கொண்டது போலாகும். அதனால் சம்மணம் போட்டபடியே இருந்தாள். கோழியை இரண்டாகக் கிழித்தாள். மலையை ஒரு பக்கத்திலிருந்து குடைந்து போனாள். பரிமாறுகிற பொம்பளை வந்து, "ராத்தா, மத்த ஆக்கள் எங்க?" என்று கேட்டாள்.

"மவுத்தாகிட்டாங்க. வட்டலப்பத்தக் கொண்டு வா," என்று ஐந்து பேரையும் ஒரே சொல்லில் சாகடித்துவிட்டு இனிப்புக்குக் காத்திருந்தாள்.

அப்படி என்ன செய்துவிட்டது அந்தக் கை? பெண்களின் உடம்பிலுள்ள முடியைச் சீனிப்பாகு வைத்து எடுப்பது ஜெஸீமாவின் தொழில். அலுவிகாரையில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில், பின்னறையில் ஒரு கட்டில், ஒரு திரை, ஒரு மின்விசிறி. கை, கால், கக்கம், இன்னும் கேட்கிறவர்களுக்குக் கேட்கிற இடம். அன்றைக்குக் கல்யாணப் பெண்ணாகக் கதிரையில் மின்னிக்கொண்டிருந்த பிள்ளைக்கும் அவள்தான் செய்தாள். எழும்பிப் போன ஐந்து பேரில் நாலு பேரை, முகத்தை மூடிக்கொண்டு வந்தாலும் கக்கத்தை வைத்தே அவளால் கண்டுபிடிக்க முடியும்.

றமீஸாவின் சங்கதி இன்னும் கொஞ்சம் உள்ளே. றமீஸாவுக்குத் தாடையில் முடி வளரும். இரண்டு மூன்று அல்ல. விட்டால் ஹாஜியாருக்குப் போட்டியாக வளரும். மாதம் தவறாமல், ஹாஜியார் கடையில் இருக்கிற நேரம் பார்த்து, முகத்திரை போட்டுக்கொண்டு பின் வழியால் வருவாள். அது ஹாஜியாருக்குத் தெரியாது, பெற்ற மகளுக்குத் தெரியாது. ஜெஸீமா தன் புருஷன் முனாஸுக்குக்கூடச் சொன்னதில்லை. மண்டபத்தில் அந்தச் சோற்றைத் தின்றபோது, விஷயம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதன்மேல் ஒரு பிடி சோற்றைத் திணித்து உள்ளே தள்ளினாள்.

இந்தத் தொழிலை அவள் படித்தது குவைத்தில். வீட்டு வேலைக்குப் போன இடத்தில், மாதம் ஒருமுறை ஒரு மிஸ்ரி கிழவி, எகிப்துக்காரி, வந்து வீட்டுப் பெண்களுக்குப் பாகு போடுவாள். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஜெஸீமாவின் வேலை. பிடித்துக்கொண்டே பார்த்தாள், பார்த்ததைக் குசினியில் தன் காலிலேயே செய்து பார்த்தாள். முதல் தடவை கத்திய கத்தில் மேடம் மாடியிலிருந்து ஓடி வந்தாளாம், வீடு பற்றிக்கொண்டது என்று நினைத்து.

சீனி, தண்ணீர், தேசிக்காய்ச் சாறு. அவ்வளவுதான் சாமான். ஆனால் அடுப்பில் அது வெல்லக்கட்டி நிறத்துக்கு வரும் நேரம் கண்ணை எடுக்கக் கூடாது. கொஞ்சம் முந்தினால் ஒழுகும் பாணி, கொஞ்சம் பிந்தினால் கல்லாகும் டொபி. இறக்கி, ஆறவிட்டு, கையில் எடுத்து இழுத்து இழுத்துப் பிசைந்தால் முத்து நிறத்துக்கு வெளுக்கும். மெழுகைப் போலச் சுடச்சுடப் பூசுவதில்லை. உடம்புச் சூட்டுக்குமேல் சூடு வேண்டாம். முடி வளர்ந்த பக்கத்துக்கு எதிராகத் தேய்த்து, வளர்ந்த பக்கமாகவே வெடுக்கென்று உரிக்க வேண்டும். தோலை விட்டுவிட்டு முடியைத்தான் பாகு பிடிக்கும், அதனால் மெழுகைவிட நோவு குறைவு. குறைவு என்றுதான் சொல்வாள், இல்லை என்று சொல்லமாட்டாள். ஒருத்திக்கு எடுத்த உருண்டை அவள் வேலை முடிந்ததும் குப்பைக்குப் போகும். கையுறை ஆளுக்கு ஆள் மாறும். மழை நாளில் பாகு இளகும், அப்போது ஜெஸீமா வானத்தைப் பார்த்து ஏசுவாள். வானம் கேட்டதாகத் தெரியவில்லை.

கட்டிலில் படுத்தவளுக்கும் ஏச்சுத்தான்.

"நேத்து ரேசர் போட்டுட்டு இன்னைக்கு எனத்துக்கு வந்த? பாகு எதப் பிடிக்கிற? முடி ஒரு அரிசி நீளத்துக்கு வளரட்டும், பெய்த்து வா."

"ராத்தா, நாளைக்கு ஃபங்ஷன் ஈக்கி…"

"அப்ப முழுக்கைச் சட்ட போடு."

ஏசிக்கொண்டே பவுடர் போடுவாள். ஏசிக்கொண்டே உரித்த இடத்தில் உடனே உள்ளங்கையை வைத்து அழுத்துவாள். அந்த அழுத்தலில் நோவு பாதி போய்விடும். வாய் ஒரு ஆள், கை வேறு ஆள்.

அந்தக் கையைத்தான் சோற்றிலிருந்து ஒதுக்கினார்கள்.

வீட்டுக்கு வந்து அபாயாவைக் கழற்றிக் கதிரையில் எறிந்தாள். கதிரை விழுந்தது. முனாஸ் கிராம்பு காய வைத்த பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "விடுங்களேன், அவங்கட குணம் அது," என்றான்.

"விடுறதா? குவைத்துல அந்த மேடம்கூட எனக்குக் கையால ஊட்டி ஈக்காங்க. இவளுகளுக்கு என்ட கை நஜீஸா? அவளுகட அழுக்க எடுத்த கைதானே இது! அழுக்கு ஆருட?"

"சரி, இப்ப எனத்த செய்யப் போறீங்க?"

ஜெஸீமா விழுந்த கதிரையை நிமிர்த்தி அதில் ஏறி, அலுமாரிக்கு மேலேயிருந்து தன் கல்யாணத்துக்கு உம்மா கொடுத்த சஹனை இறக்கினாள்.

"இனி இந்த வீட்டுல பாகு போட வாறவ ஆரா ஈந்தாலும், மொதல்ல என்னோட ஒரே சஹன்ல ஒக்காந்து சோறு திங்கணும். பொறகுதான் கட்டில்."

"ஏவாரம் படுத்துரும் புள்ள."

"படுக்கட்டும். முடி வளர்றது நிக்குமா?"

மறுநாளிலிருந்து முன் அறையில் பாய் விரித்து, நடுவில் சஹன். மூடியைத் திறந்தால் சோறு, பருப்பு, ஒரு கறி. பெரிய ஆடம்பரம் இல்லை. அதைத் தாண்டித்தான் பின்னறைக்குப் போக வேண்டும். பின் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள்.

வந்தவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. ஒருத்தி இன்றைக்கு சுன்னத்தான நோன்பு என்றாள். "நல்லம், மஃரிபுக்கு வாங்க, நோன்பு தொறந்துட்டு சாப்பிடலாம்," என்றாள் ஜெஸீமா. ஒருத்தி டயட் என்றாள். அவளுக்கு வெள்ளரிக்காய் வெட்டி சஹனின் ஓரத்தில் வைத்தாள். ஒருத்தி இப்போதுதான் சாப்பிட்டு வந்தேன் என்று சொல்லி வயிற்றைத் தடவினாள். அந்த வயிறு அந்த நேரம் பார்த்து ஒரு சத்தம் போட்டது. நாலைந்து பேர் வாசலிலேயே திரும்பிப் போனார்கள். போகும்போது, "கொழுப்பு," என்று ஒருத்தி சொன்னது ஜெஸீமாவுக்குக் கேட்டது. "ஓம், கறியில ஈக்கி, வந்து பாரு," என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்கிற பிரசாந்தினி மட்டும் வேறு மாதிரி மாட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வந்தாள். பாயைப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள், செருப்பைக் கழற்றினாள்.

"ஜெஸீமா அக்கா, சாப்பிடுறதுல எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க. ஆனா இன்னைக்கு வெள்ளிக்கிழமை, நான் மச்ச மாமிசம் தொடமாட்டேன்."

ஜெஸீமா ஏசிக்கொண்டே கறிச் சட்டியை உள்ளே கொண்டு போனாள், ஏசிக்கொண்டே சஹனைத் தேய்த்துக் கழுவினாள், ஏசிக்கொண்டே புதிதாகச் சோறும் பருப்பும் போட்டாள். பிரசாந்தினி குழைத்துச் சாப்பிட்டாள். பருப்பில் உப்புக் குறைவு என்றும் சொன்னாள். அன்றைக்கு ஜெஸீமா அவள் கையில் பாகு உரித்த விதம், பூவிலிருந்து இதழ் எடுப்பது போல இருந்தது. அப்படி உரித்ததற்காகத் தன்மீதே எரிச்சல்பட்டாள்.

ஆனாலும் பிரசாந்தினி எழும்பிப் போனவள் அல்ல. எழும்பிப் போன ஒரு கை இந்தச் சஹனுக்குள் வர வேண்டும். அதிலும் முதலில் எழும்பிய கை வர வேண்டும். அது வராத வரைக்கும் ஜெஸீமாவுக்குத் தின்ற சோறு இறங்காது. றமீஸாவின் மகள் பஸ்லாவுக்கு நிக்காஹ் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவள் காத்திருந்தாள். தாடை முடியும் காத்திருக்கும், வளர்ந்துகொண்டே.

றமீஸா லேசில் மடியவில்லை. மகளைக் கண்டிக்குக் கூட்டிப்போனாள். அங்கே சலூன் வாசலில் ஆண்களும் நிற்பதைக் கண்டு திரும்பினாள். பிறகு ஃபோனில் வீடியோ பார்த்துத் தானே பாகு காய்ச்சினாள். கண்டிக் கதை ஒழுங்கை முழுக்கப் பரவியிருந்தது. பாகுக் கதை ஜெஸீமாவுக்கு எப்படித் தெரியும் என்றால், கல்யாணத்துக்கு முந்திய வியாழக்கிழமை பின்னேரம் ஃபோன் அடித்தது.

"ஜெஸீமா… நான் றமீஸா."

ஜெஸீமா இந்த ஃபோனுக்காக ஒரு வசனம் தயாரித்து வைத்திருந்தாள். பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த வசனம்.

"ஆ, றமீஸா ராத்தாவா? கேஸ்ட்ரிக் எப்பிடி?"

றமீஸா அதைக் கேளாதது போல, "பஸ்லாட கக்கத்துல பாகு ஒட்டிட்டு. இளகிப் பெய்த்து. புள்ள கையத் தூக்க ஏலாம ஈக்கா. தேங்காயெண்ண போட்டும் போகல்ல. மண்ணெண்ண போட்டாப் போகுமா?" என்று கேட்டாள்.

வசனத்தின் இரண்டாம் பாதி ஜெஸீமாவின் வாயில் தயாராக இருந்தது. வந்து என் சஹனில் சாப்பிடுங்க, பிறகு சொல்றேன். ஆனால் ஃபோனுக்குள் பின்னால் ஒரு பிள்ளை அழும் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, கையைச் சிறகு மாதிரி வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளையின் அழுகை.

"மண்ணெண்ணயா? ஒங்களுக்குப் பைத்தியமா! அது சீனி, தார் இல்ல! வெதுவெதுப்பா தண்ணி ஊத்துங்க, ஊத்திட்டே இருங்க, தன்னால கரஞ்சு போகும். இழுக்க வாணாம்! தோல் சுட்டு ஈக்கா?"

"இல்ல, ஆறித்தான் பூசினேன்."

"அப்ப தண்ணிய ஊத்துங்க!"

ஃபோனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையில் இருந்த ஒரே பிடியையும் தண்ணீரில் கரைத்துவிட்டாள். இனி றமீஸா எதற்கு வர வேண்டும்? அடுப்பில் இருந்த பாகுச் சட்டியைப் பேசினுக்குள் போட்டாள். அது புஸ்ஸென்று சீறியது.

முனாஸ் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். "வெல பேச முந்தியே சாக்க அவுத்துக் குடுத்துட்டீங்க போல."

"வாய மூடுங்க. புள்ள அழுதிச்சு."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில், ஒழுங்கையில் ஒரு கார் நின்றது. றமீஸாவும் பஸ்லாவும் இறங்கினார்கள். றமீஸா பழக்க தோஷத்தில் பின் வழிக்குத் திரும்பினாள். பூட்டைப் பார்த்துவிட்டு முன் வாசலுக்கு வந்தாள். பாய் விரித்திருந்தது. சஹன் மூடியிருந்தது. ஜெஸீமா அதன் ஒரு பக்கத்தில், பொலிஸ் ஸ்டேஷன் பெரிய அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"வேல மகளுக்குத்தானே," என்றாள் றமீஸா, கண்ணைச் சஹனில் வைக்காமல். "அவ சாப்பிட்டா போதும்தானே?"

சட்டப்படி அது சரி. தான் போட்ட சட்டத்தில் இப்படி ஒரு ஓட்டை இருக்கும் என்று ஜெஸீமா நினைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூடியைத் திறந்தாள். பஸ்லா கல்யாணத்துக்கு மெலிவதற்காகப் பட்டினி கிடந்த பிள்ளை. கோழியைக் கண்டதும் கையை நீட்டிவிட்டாள். உம்மா பார்ப்பதையோ, ஜெஸீமா பார்ப்பதையோ அவள் பார்க்கவில்லை. மாசிச் சம்பலை ஜெஸீமாவின் பக்கத்திலிருந்தும் வழித்தாள்.

"மெதுவா தின்னு, ஆரும் பறிக்க மாட்டாங்க," என்று ஜெஸீமா அதட்டி, கோழிக்காலை அவள் பக்கம் தள்ளினாள்.

உள்ளே கட்டிலில் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். கக்கம் சிவந்து கிடந்தது.

"இதத் தொட மாட்டேன். ஆறட்டும், கல்யாணத்துக்குப் பொறகு வா. கையும் காலும் மட்டும்தான். மூஞ்சிக்கு எனத்த பூசுற?"

"வெள்ளையாகுற க்ரீம்."

"அப்ப மூஞ்சிப் பக்கமும் வர மாட்டேன். அந்த க்ரீம் பூசின தோல் முடியோட சேந்து உரிஞ்சு வரும். எவன் சொன்ன ஒனக்கு வெள்ளையாகச் சொல்லி?"

பஸ்லா உம்மாவைப் பார்த்தாள். உம்மா மின்விசிறியைப் பார்த்தாள்.

வேலை முடிந்தது. பிள்ளை தன் கையைத் தானே தடவித் தடவிச் சிரித்தாள். ஜெஸீமா கையுறையைக் கழற்றி எறிந்தாள். இப்போது போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இன்னொரு சஹன், இன்னொரு கேஸ்ட்ரிக்.

றமீஸா போகவில்லை. வாசலில் நின்று முகத்திரையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் விரல் திரைக்கு மேலாகத் தாடையை ஒருமுறை தொட்டது, உடனே இறங்கியது. இந்த மாதம் அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லோரும் கன்னத்தோடு கன்னம் வைத்து ஸலாம் சொல்லுவார்கள். மகள் பக்கத்திலேயே நிற்கிறாள். கேட்க வாயில்லை.

ஜெஸீமாவின் வாயில் எல்லாம் இருந்தது. ஒரு சொல் போதும். மண்டபத்தில் விழுங்கிய அதே சொல். அவள் பஸ்லாவின் பக்கம் திரும்பினாள்.

"எனத்தப் பாத்துட்டு நிக்கிற? கிணத்தடிக்குப் பெய்த்து கை கால்ல ஒட்டி ஈக்கிறத பச்சத் தண்ணியில கழுவு. சவர்க்காரம் போடாத, நாளைக்கு வரைக்கும் சுடுதண்ணியும் வாணாம், செண்டும் வாணாம். கழுவிட்டு அங்க முனாஸ் நானாட ஜம்பு மரம் ஈக்கி. பழம் பறிச்சுட்டு ஆறுதலா வா. நான் கூப்பிடுற வரைக்கும் வராத."

பிள்ளை போனாள். பின் கதவுப் பூட்டை ஜெஸீமாவே திறந்துவிட்டாள்.

முன் அறையில் இரண்டு பேர். சஹனில் பாதிச் சோறு ஆறிப்போய்க் கிடந்தது. றமீஸா முகத்திரையைத் தூக்கினாள். நகை இல்லாத, தாடி வளர்ந்த, களைத்துப்போன ஒரு முகம். பின்னறைக் கட்டிலின் பக்கம் பார்த்தாள். ஜெஸீமா பாயைப் பார்த்தாள்.

"கரண்டி ஒண்டு தரேலுமா?" என்றாள் றமீஸா மெதுவாக.

"இல்ல."

குசினியில் ஒரு டசின் கரண்டி இருந்தது.

றமீஸா பேசினில் கையைக் கழுவினாள். அன்றைக்கு மண்டபத்தில் ஊன்றி எழும்பிய அதே முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கிழம வருவீங்கதானே?" என்று கேட்டாள்.

"எந்தச் சஹன்ல?"

றமீஸா பிஸ்மி சொல்லிக் கையைச் சோற்றில் வைத்தாள். ஓரத்தில் அல்ல, ஜெஸீமாவின் விரல்கள் பதிந்திருந்த இடத்தில். முதல் பிடி வாய்க்குள் போகும்போது அவள் கண் கலங்கியது. அது சம்பல் உறைப்பா வேறு ஏதாவதா என்று ஜெஸீமா கேட்கவில்லை. அவளுக்கு இன்னும் கோபம் போகவில்லை. அவ்வளவு சுலபமாகப் போகிற கோபம் இல்லை அது. மிச்சமிருந்த கோழியைக் கிழித்து, பெரிய துண்டை எதிர்ப்பக்கம் வீசுவது போலத் தள்ளினாள்.

"தின்னுங்க. பாகு இறுகுது."